சொன்ன விலையில் நின்ற எங்கள் அக்கா

உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. நினைவு ஆராதனைக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்க ஒரு மலர் வேண்டும், அதில் அக்காவைப் பற்றி யாராவது நாலு வார்த்தை எழுத வேண்டும் என்று வீட்டில் பேச்சு எழுந்தபோது எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். வாய் ஓயாதவனுக்குக் கை மட்டும் எப்படி ஓயும் என்று நினைத்திருப்பார்கள். நான் அக்காவின் ஒரே தம்பி. ஆம்பூரில் நான் வேலை பார்த்த ஷூ கம்பெனி மூடிய பிறகு, அக்காவின் தோட்டம் அமைக்கும் தொழிலில் குட்டியானைச் சரக்கு வண்டி ஓட்டியவன். அவர் விலை சொன்ன இடங்களில் பெரும்பாலும் பக்கத்தில் நின்றவன். அந்த ஒரு தகுதியில்தான் எழுதுகிறேன்.

இப்படிப்பட்ட மலர்களில் மறைந்தவரை அதிர்ந்து பேசாதவர், கேட்டவர்க்கு இல்லை என்னாதவர் என்று எழுதுவது வழக்கம். எங்கள் அக்கா அன்பானவர்தான். ஆனால் அதிர்ந்து பேசுவார். இல்லை என்று சொல்ல வேண்டிய இடத்தில் இல்லை என்றுதான் சொல்வார். இதைப் படிக்கப் போகிறவர்களில் பாதிப் பேர் அவரிடம் பேரம் பேசிப் பார்த்தவர்கள் என்பதால் பொய் எழுதிப் பயனில்லை.

அக்கா பிறந்தது ஜோலார்பேட்டையில், ரயில்வே குடியிருப்பில். அப்பாவுக்குத் தண்டவாள வேலை. அம்மா ஆலங்காயத்துப் பெண். அப்பாவுக்கு நெஞ்சு நோய் கண்டு பாதி நாள் படுத்துவிட்டதால் சம்பளம் முழுதாக வீட்டுக்கு வந்ததில்லை. அம்மா ஒரு தையல் இயந்திரம் வைத்துக்கொண்டு குடியிருப்புப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தார். கூலி எவ்வளவு என்று கேட்டால் அம்மா தலையைக் குனிந்துகொள்வார். “உங்களுக்குத் தெரியாததா, குடுக்கறதைக் குடுங்க” என்பார். சிலர் கொடுத்தார்கள். சிலர் சம்பளம் வந்ததும் தருகிறேன் என்றார்கள். ஒரு அத்தை பூசணிக்காய் ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அதை ஒரு வாரம் தின்றோம்.

அக்கா அப்போது மேல்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் பழைய காலண்டர் அட்டையைக் கத்தரித்து, சாதா ஜாக்கெட் இவ்வளவு, லைனிங் வைத்தது இவ்வளவு என்று எழுதி ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டார். அம்மாவுக்கு மானமே போய்விட்டது. தண்ணீர் பிடிக்கப் போகக்கூட வெட்கப்பட்டார். சில நாள் ஒருவரும் துணி கொண்டுவரவில்லை. அக்கா திட்டு வாங்கினார், அட்டையை மட்டும் அவிழ்க்கவில்லை. பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். பூசணிக்காய் அத்தைகூட வந்தார். எவ்வளவு கொடுப்பது, கம்மியாகக் கொடுத்து விட்டோமோ என்று இனி தவிக்க வேண்டியதில்லை, இப்போதுதான் நிம்மதி என்று அவரே அம்மாவிடம் சொன்னாராம். விலை சொல்லாமல் இருப்பது பணிவு என்று நாம் நினைக்கிறோம். அது எதிரில் இருப்பவரைத் தவிக்க விடுவது என்று அக்காவுக்குப் பாவாடை தாவணி வயதிலேயே தெரிந்துவிட்டது.

அப்பா காலமான பிறகு அக்கா மேலே படிக்கவில்லை. ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் தையல் பிரிவில் சேர்ந்தார். விடியற்காலையில் கம்பெனி பஸ் ஜோலார்பேட்டை வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். கணக்கில் கெட்டிக்காரர் என்று கண்டு சில வருடங்களில் அவரைக் காஸ்டிங் பிரிவுக்கு மாற்றினார்கள். ஒரு ஜோடி ஷூ செய்ய என்னென்ன செலவு ஆகும் என்று கணக்குப் போட்டு, அதற்கு மேல் லாபம் வைத்து, வெளிநாட்டுக்காரனுக்கு விலை சொல்லும் இடம் அது. தோல், லைனிங், நூல், பசை, லேஸ், பெட்டி எல்லாவற்றுக்கும் விலை உண்டு. பெட்டிக்குள் ஷூவைச் சுற்றி வைக்கிற மெல்லிய தாள் இருக்கிறதே, அதற்கும் உண்டு. அக்கா வீட்டுக்கு வந்து ஆச்சரியமாகச் சொல்வார். அந்தத் தாளுக்கும் காசு போட்டுத்தான் சொல்கிறார்கள், யாரும் வெட்கப்படவில்லை என்பார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

பிறகு மாமாவைக் கல்யாணம் செய்துகொண்டார். மாமா ஆம்பூருக்கு வெளியே நர்சரி வைத்திருந்தார். வீடுகளுக்கும் கம்பெனிகளுக்கும் தோட்டம் போட்டுக் கொடுப்பார். காய்ந்த குச்சியைக் கொடுத்தால் தளிர்க்க வைத்துத் திருப்பித் தருகிற கை அவருடையது. ஆனால் விலை சொல்கிற வாய் அவருக்கு ஆண்டவர் கொடுக்கவில்லை. கேட்டில் நின்றபடியே வீட்டுக்காரர் முகத்தைப் பார்ப்பார். அந்த முகத்துக்கு என்ன தாங்கும் என்று தோன்றுகிறதோ அதைச் சொல்வார். வீட்டுக்காரர் பெருமூச்சு விட்டால் குறைப்பார். அவர் வீட்டம்மாவும் வெளியே வந்து பெருமூச்சு விட்டால் இன்னும் குறைத்து, வாசலுக்கு ஒரு மல்லிகைப் பதியனும் இலவசமாக வைத்துவிட்டு வருவார். ஊரெல்லாம் மாமாவைத் தங்கமான மனுஷன் என்றது. ஊர் அப்படித்தான் சொல்லும். சனிக்கிழமை நர்சரிப் பெண்களுக்குக் கூலி கொடுக்க அக்காவின் ஷூ கம்பெனிச் சம்பளத்தை எடுக்க வேண்டியிருந்தது.

மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருடம் அக்கா கம்பெனி வேலையை விட்டார். நிரந்தர வேலையை விட்டுவிட்டு மண் சுமக்கப் போகிறாயா என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. இந்த மலரைக் கையில் வைத்திருப்பவர்களிலும் அப்படிக் கேட்டவர்கள் உண்டு. அவர்கள் மீது எனக்கு வருத்தமில்லை. நானும் கேட்டவன்தான்.

அக்கா விலை போட்ட முதல் வேலை மேல்விஷாரத்தில் தோல் வியாபாரம் செய்யும் ஒரு பாய் வீட்டில். பின்னாளில் எங்கள் குடும்பத்துக்கே மூத்த அண்ணன் போல ஆனவர் அவர். வீட்டுக்கு முன்னால் பெரிய புல்தரை வேண்டும் என்றார். அக்கா கம்பெனி வழக்கப்படி எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டார். செம்மண் லோடு, தொழு உரம், புல், வண்டி வாடகை, கூலி, லாபம். ஒன்றை மட்டும் விட்டுவிட்டார். தண்ணீர். தண்ணீர்தான் வீட்டுக்காரர் போர்க் குழாயில் வருகிறதே, அதற்கு என்ன விலை என்று நினைத்துவிட்டார். நம் பக்கத்துப் போர்த் தண்ணீர் எவ்வளவு உப்பு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பச்சைக் கம்பளமாக விரித்த புல் ஒரே மாதத்தில் வைக்கோல் நிறத்துக்கு வந்தது.

பாய் பெருந்தன்மையாகப் பேசினார். தண்ணீர் அவருடையது, தப்பும் அவருடையது, பாதி செலவை அவர் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார். மாமா உடனே தலையை ஆட்டினார். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை.

“பச்சைப் புல்லுன்னு சொல்லித்தான், பாய், ரேட் சொன்னேன். மஞ்சப் புல்லுக்கு அந்தக் காசு வாங்க மாட்டேன். பச்சையா மாத்திக் குடுத்துட்டு வாங்கிக்கிறேன்.”

கழுத்துச் செயின் அடகுக்குப் போனது. மேல்மண்ணை வழித்தெடுத்துவிட்டுப் புது மண் போட்டு, உப்பைத் தாங்குகிற வேறு புல்லை நட்டு, அது வேர் பிடிக்கும்வரை டேங்கரில் நல்ல தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். அந்த வேலையில் நஷ்டம்தான். ஆனால் அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் அக்கா முதலில் ஒரு டம்ளர் போர்த் தண்ணீர் கேட்டு வாங்குவார். தாகம் போலிருக்கிறது என்று கேன் தண்ணீர் கொண்டுவருவார்கள். அது வேண்டாம், செடிக்கு ஊற்றுவதைக் கொடுங்கள் என்பார். ஒரு மடக்கு வாயில் ஊற்றி, கண்ணை மூடி, துப்பிவிட்டு, அதற்கப்புறம்தான் கணக்கே தொடங்கும். சில வீட்டில் அவர் துப்பிய வேகத்திலேயே விலை ஏறிவிட்டது என்று நான் கிண்டல் செய்வேன்.

அக்கா விலை சொல்லும் விதத்தைக் கொஞ்சம் விரித்து எழுத வேண்டும். அதில்தான் அவர் முழுசாக இருந்தார்.

கேட்டில் நின்று விலை சொல்ல மாட்டார். வீட்டைப் பார்க்க மாட்டார், நிலத்தைப் பார்ப்பார். செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு சுற்று நடப்பார். வீட்டுக்கு வந்து கணக்குப் போடுவார். மறுநாள் போய் ஒரே விலை சொல்வார். கூட்டிச் சொல்லிவிட்டுக் குறைக்கிற வழக்கம் நம் ஊரில் எல்லாருக்கும் உண்டு, காய்கறிக்காரரிலிருந்து கல்யாண மண்டபம் வரை. அக்காவுக்கு அது பிடிக்காது. கூட்டிச் சொல்வது பொய், குறைப்பது அந்தப் பொய்யை ஒத்துக்கொள்வது என்பார். ஜாஸ்தி என்று சொன்னால் கோபப்பட மாட்டார். எவ்வளவுக்குள் முடிக்க வேண்டும் என்று கேட்பார். அதற்கு ஏற்ப வேலையைக் குறைத்துத் தருவார். வேலூரில் ஒரு டாக்டர் வீட்டம்மா விலையைக் கேட்டு அசந்துபோனார். அக்கா செயற்கை நீரூற்றை எடுத்துவிட்டு வேறு விலை சொன்னார். அந்த அம்மாவுக்குச் சந்தோஷம். போகும்போது, அந்த நீரூற்றையும் சும்மா ஓரமாக வைத்துவிடுங்களேன் என்றார். அக்கா, “வெச்சிடலாம்மா, அதோட விலையும் அதோட கூடவே வந்துடும்” என்றார். அந்த அம்மா சிரித்துவிட்டார். நீரூற்றும் வந்தது, அதன் விலையும் வந்தது.

விலையைச் சொன்ன பிறகு அக்கா பேச மாட்டார். இதுதான் எனக்கு வரவே வராத வித்தை. விலை சொன்னதும் ஒரு அமைதி வரும் பாருங்கள், அதைத் தாங்குவதற்குப் பதில் தேள் கொட்டினால் தாங்கிக்கொள்ளலாம். நான் உள்ளே புகுந்து, நல்ல மண் சார், நல்ல செடி சார் என்று ஏதாவது உளறுவேன். அக்கா என் காலை மிதிப்பார். நாம் பேசினால் விலை நமக்கே ஜாஸ்தியாகத் தெரிகிறது என்று அர்த்தம் என்பது அவர் கட்சி.

இன்னொன்று, அவர் விலையை வேலை செய்யும் பெண்கள் முன்னாலேயே சத்தமாகச் சொல்வார். மேல்விஷாரத்துப் பாய் இதைக் கேட்டு ஒருநாள் ஆச்சரியப்பட்டார். தோல் மண்டியில் அவருடைய அத்தா காலத்தில் துண்டைப் போட்டுக் கையை மூடி விரலைப் பிடித்துத்தான் பேரம் நடக்குமாம். பக்கத்தில் நிற்பவனுக்கு விலை தெரியக்கூடாது. ஊருக்கே கேட்கும்படி சொல்கிறாயே அம்மா என்றார். அதற்கு அக்கா சொன்ன பதில் இது.

“அவங்களுக்குக் கேக்கணும்னுதான் பாய் சத்தமா சொல்றேன். நான் கம்மி பண்ணா அது என் பையிலேர்ந்து போவாது. அஞ்சலை கூலியிலேர்ந்து போவும். யார் வயித்துல கை வைக்கிறோம்னு தெரிஞ்சே குறைக்கணும்ல?”

அஞ்சலை எங்கள் வேலைப் பெண்களுக்குத் தலைவி போல. முன்பு தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்தவர். அக்கா காலத்தில் எங்கள் பெண்களுக்கு மழை நாளிலும் பாதிக் கூலி உண்டு, தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் ரம்ஜானுக்கும் அவரவருக்கு முன்பணம் உண்டு. இவையெல்லாம் தனியாக வானத்திலிருந்து வரவில்லை. சதுர அடி விலைக்குள் அக்கா மடித்து வைத்திருந்தார், ஷூ பெட்டிக்குள் தாள் மாதிரி.

இரக்கமில்லாதவர் என்று இதை வைத்து யாரும் நினைக்க வேண்டாம். நம் சபையில் கோயிலைச் சுற்றித் தோட்டம் போட வேண்டும் என்று பேச்சு வந்தபோது, போதகர் ஐயா தயங்கித் தயங்கி, நம் கோயில் என்பதால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேட்டார். ஒரு பைசாவும் குறைக்க மாட்டேன் ஐயா என்றார் அக்கா. ஐயா முகம் வாடியது. அக்கா அதே மூச்சில், காசே வேண்டாம், சும்மா போட்டுத் தருகிறேன், இது என் காணிக்கை, வேலை செய்கிற பெண்களுக்குக் கூலி நான் கொடுக்கிறேன் என்றார். பாதி விலை என்பது காணிக்கையும் இல்லை, வியாபாரமும் இல்லை என்பது அவர் எண்ணம். இன்று ஆராதனை முடிந்து நீங்கள் வெளியே வரும்போது பார்க்கப் போகும் அரளியும் காகிதப்பூவும் அவை.

அக்காவின் தொழில் இப்படித்தான் வளர்ந்தது. செயின் மீண்டு வந்தது. மகள் விவசாயக் கல்லூரிக்குப் போனாள். மாமாவின் நர்சரி இரண்டு பங்கு ஆனது. விலை பேசுவதற்கு மட்டும் மாமா வரமாட்டார். அக்கா ஒரு வீட்டில் விலை சொல்லும்போது அவர் தெருவில் நின்று வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

நோய் வந்தபோதுதான் அது பெரிய கவலையாயிற்று. வயிற்று வலி என்று தொடங்கியது, வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டியபோது முற்றிவிட்டது என்றார்கள். அக்கா அழுததை நான் பார்க்கவில்லை. அவர் கவலையெல்லாம் வேறு. தனக்குப் பிறகு மாமா விலை சொல்வாரா என்பதுதான் கேள்வி. சொல்லாவிட்டால் வருடம் திரும்புவதற்குள் நர்சரி போய்விடும், பெண்கள் சிதறிவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். எங்களுக்கும் தெரியும்.

அந்த நேரத்தில் ஒரு வேலை வந்தது. ஆம்பூர் பக்கம் புதிதாகக் கட்டிய ஒரு கம்பெனி வளாகம் முழுவதும் தோட்டம் போட்டு, வருடம் முழுக்கப் பராமரிக்க வேண்டும். எங்கள் பெண்கள் எல்லாருக்கும் நிரந்தர வேலை கிடைக்கும். கம்பெனி மேனேஜர் அக்காவின் உடம்பைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார். மாமாவிடம் பரிவாகத்தான் பேசினார். உங்களுக்கும் ஆஸ்பத்திரிச் செலவு இருக்கும், பார்த்து ஒரு ரேட் போட்டுக் கொடுத்தால் உடனே அட்வான்ஸ் வாங்கித் தருகிறேன் என்றார். பரிவும் பேரமும் ஒரே வாக்கியத்தில் இருந்தால் நம்மால் பரிவை மட்டும்தான் கேட்க முடிகிறது. மாமா அங்கேயே உருகிவிட்டார். ஏதோ ஆண்டவர் கிருபையால் பதில் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார்.

கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, “நீயே ஒரு ரேட் சொல்லிடும்மா, நான் போய் அப்படியே ஒப்பிச்சிட்டு வர்றேன்” என்றார்.

அக்கா மறுத்துவிட்டார்.

“நான் சொன்னா அது என் ரேட். அந்த ஆள் ஜாஸ்தின்னு சொன்ன உடனே குறைச்சிடுவீங்க, ஏன்னா அது உங்களுது இல்ல. நீங்களே நடந்து பாத்து, நீங்களே கணக்குப் போடுங்க. அப்பதான் அதுல நிப்பீங்க.”

மாமா போனார். செருப்பைக் கழற்றிவிட்டு வளாகத்தைச் சுற்றினார். தண்ணீரைக் குடித்துப் பார்த்தார். அஞ்சலையோடு உட்கார்ந்து கூலியைக் கணக்குப் போட்டார். நாலு லட்சத்து இருபதாயிரம் என்று வந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்து அக்காவின் காதோடு சொன்னார். அக்கா கணக்கைக் கேட்கவே இல்லை. சத்தமாகச் சொல்லுங்கள் என்றார்.

பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும். அக்கா மேனேஜர் ஆனார். தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, கையில் ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்க, “சொல்லுங்க, இன்னா ரேட் ஆவும்?” என்றார்.

“நாலு இருபது சார்.”

“ஜாஸ்திங்க.”

“சரி சார், நாலு.”

“நான் இன்னும் குறைங்கன்னே சொல்லலையே. ஜாஸ்தின்னுதானே சொன்னேன்?”

மறுபடி ஆரம்பித்தார்கள். இந்தத் தடவை அக்கா பேசக்கூட இல்லை, ஒரு பெருமூச்சு மட்டும் விட்டார். மாமா மூன்றே முக்காலுக்கு வந்துவிட்டார். பக்கத்துக் கட்டிலில் சித்தூரிலிருந்து வந்த ஒரு அம்மா இருந்தார். தமிழ் அரைகுறைதான், ஆனால் இது புரிந்துவிட்டது. வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தார். அடுத்தடுத்த நாட்களில் மதிய வேளையில் இதுதான் எங்கள் வார்டில் பொழுதுபோக்கு. அக்காவுக்குக் களைப்பு வந்தால் அந்தச் சித்தூர் அம்மா மேனேஜர் ஆவார். ஊசி போட வந்த நர்ஸ் பெண்கூட ஒரு தடவை, “லாஸ்ட் பிரைஸ் சொல்லுங்க அங்கிள்” என்றார். மாமா அவருக்கும் குறைத்தார். அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டார்.

விலை சொல்லப் போக வேண்டிய நாளில் நானும் மாமாவோடு போனேன். அவர் நாலு இருபது என்றே சொன்னார். மேனேஜர் ஜாஸ்தி என்றார். மாமா வளாக வாசல் பக்கம் இரண்டு பாத்தியைக் குறைத்துக்கொண்டு விலையைக் குறைக்கலாம் என்றார், வேலை முழுசாக வேண்டும் என்றால் இதே விலைதான் என்றார். மேனேஜர் பெருமூச்சு விட்டார். நான் மாமாவின் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தேன். மாமா ஒன்றும் சொல்லவில்லை. மேனேஜர், வேறொருவர் மூன்றுக்கே செய்கிறேன் என்கிறார், அவருக்கே கொடுத்துவிடுகிறோம் என்று எழுந்துவிட்டார். வேலை போய்விட்டது.

மாமா குற்றவாளியைப் போல வார்டுக்குள் நுழைந்தார்.

“சொன்னீங்களா?” என்றார் அக்கா.

“சொன்னேன்.”

“குறைச்சீங்களா?”

“இல்லம்மா. ஆனா வேலை போச்சு.”

அக்கா சிரித்தார். உடம்பில் தெம்பே இல்லாத நேரம், ஆனால் அது முழுச் சிரிப்பு. “போவட்டும். மூணுக்கு அதைச் செஞ்சா நம்ம பொண்ணுங்க பட்டினி. நீங்க தேறிட்டீங்க” என்றார். அன்று சாயங்காலம் கஞ்சி முழுவதும் குடித்தார்.

அதற்குப் பிறகு சில வாரங்களே இருந்தார். வீட்டுக்குக் கூட்டி வந்தோம். ஒரு ஞாயிறு காலை, கோயில் மணி அடித்துக்கொண்டிருக்கும்போது, மகளின் கையைப் பிடித்தபடி கர்த்தரிடம் போனார். பாயும் அவர் வீட்டம்மாவும் முதல் ஆளாக வந்து நின்றார்கள். எங்கள் பெண்கள் கல்லறை வரை நடந்தே வந்தார்கள்.

அந்தத் துக்கத்தில் பல பேருக்கு நாங்கள் நன்றி சொல்லவே இல்லை. இங்கே சொல்லிவிடுகிறேன். கூடவே இருந்து பார்த்துக்கொண்ட ஆஸ்பத்திரி டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும், சித்தூர் அம்மாவுக்கும், ஜெபித்த போதகர் ஐயாவுக்கும் சபையாருக்கும், அடக்கச் செலவுக்கு நாங்கள் கேட்காமலே கை கொடுத்த மேல்விஷாரத்துப் பாய்க்கும், ஜோலார்பேட்டை, ஆலங்காயம் சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்கா சொன்ன விலையைக் கொடுத்தவர்களுக்கும் நன்றி. ஜாஸ்தி என்று சொல்லி வேறிடம் போனவர்களுக்கும் நன்றி, உங்களால்தான் மாமா தேறினார்.

மாமா முழுசாகத் தேறிய கதையைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது.

அக்கா போன பிறகு வேலை மந்தமானது. சின்னச் சின்ன வீட்டு வேலைகள்தான். மாமா விலை குறைக்கவில்லை, ஆனால் வந்ததும் குறைவு. அஞ்சலை ஒருநாள் நர்சரிக்கு வந்து, பழைய தோல் ஷாப்பில் கூப்பிடுகிறார்கள், இன்னும் ஒரு மாதம் பார்த்துவிட்டுப் பெண்களோடு போய்விடட்டுமா என்று அழாத குறையாகக் கேட்டார்.

அந்த மாதம்தான் மேனேஜர் போன் செய்தார். மூன்றுக்கு எடுத்தவர் கட்டுப்படியாகாமல் பாதியில் ஓடிவிட்டார். மாமாவும் நானும் அஞ்சலையும் போனோம். வளாகம் பார்க்கச் சகிக்கவில்லை. கட்டிட இடிபாட்டின் மேலேயே மண்ணைத் தூவிப் புல்லை ஒட்டி வைத்திருந்தார்கள். மேனேஜர் இறங்கித்தான் பேசினார். நீங்கள் அன்று சொன்ன நாலு இருபதே தருகிறோம், நாளைக்கே ஆரம்பியுங்கள் என்றார். எனக்கு உயிர் வந்தது. அஞ்சலை கண்ணை மூடிக்கொண்டார்.

மாமா செருப்பைக் கழற்றினார். ஒரு சுற்று நடந்தார். திரும்பி வந்து, அஞ்சலைக்கும் கேட்கும்படி சொன்னார்.

“அஞ்சு பத்து ஆவும் சார். இந்தக் குப்பையை எடுத்துட்டுத்தான் புது மண்ணு போடணும்.”

கொடுக்கிறேன் என்று வந்ததையும் விட்டுவிடுவாரோ என்று எனக்குப் பயம். பேச்சு வாய் வரைக்கும் வந்தது, உதட்டைக் கடித்துக்கொண்டேன். மேனேஜர் மாமாவையே பார்த்தார். பிறகு கேட்டார்.

“இது உங்க வீட்டம்மா போட்டு வெச்சிட்டுப் போன ரேட்டா?”

“இல்ல சார். இது என் ரேட்டு. அவ இருந்திருந்தா இன்னும் ஜாஸ்தி சொல்லியிருப்பா.”

சொல்லிவிட்டு மாமா பேசவில்லை. மேனேஜர் பெருமூச்சு விட்டார். மாமா அசையவில்லை. யாரோ எங்கேயோ ஒரு கதவைச் சாத்தினார்கள். கடைசியில் மேனேஜர், சரி, திங்கட்கிழமை ஆளை அனுப்புங்கள் என்றார்.

அஞ்சலையும் பெண்களும் இன்று அங்கேதான் வேலை செய்கிறார்கள். ஆராதனைக்காக அரை நாள் விடுப்பு எடுத்து வந்திருக்கிறார்கள், கூலியோடு.

இந்தக் கட்டுரை முழுக்க அக்காவை மரியாதையாக அவர், இவர் என்று எழுதிவிட்டேன். வீட்டில் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஒரு வரியாவது கூப்பிட்டபடியே எழுதிக்கொள்கிறேன், பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா, நீ பாத்திருக்கணும். மாமா குறைக்கல.